மூன்று முறை செத்த ராஜா

காசிமேட்டுக்குத் திரும்புகிற சந்து முனையை ராஜபார்ட் தலையைத் திருப்பாமலே தாண்டினார். அந்தச் சந்துக்குள்தான் அவர் வீடு. அவர் மனைவி அந்நேரம் அடுப்பு மூட்டியிருப்பாள். நான் நின்றேன். அவர் நிற்கவில்லை. நானும் பின்னாலேயே நடந்தேன்.

வெயில் இன்னும் இறங்கவில்லை. அவர் முகத்தில் அரிதாரம் அப்படியே இருந்தது. கன்னத்தில் ரோஸ் நிறம், புருவத்தில் மை, மீசையில் நரைக்காகத் தடவிய மாவு. கழுத்துக்குக் கீழே மூட்டை தூக்குகிறவனின் கிழிந்த பனியன். மில் விட்டு வந்துகொண்டிருந்தவர்களில் ஒருவன் சைக்கிளிலிருந்து ஒரு காலை ஊன்றி நின்றான்.

"இன்னா ராஜா, நட்ந்து போறே? குதிர எங்க?"

"குதிர ஓடிப்போச்சு நைனா. உன் சைக்கிள குடு, புட்ச்சாந்துர்றேன்."

அவன் சிரித்துக்கொண்டே மிதித்துப் போனான். ராஜபார்ட் சிரிக்கவில்லை. அவர் பழைய நாடகக் கம்பெனி ஆள். கேலிக்குப் பதில் சொல்வது அவருக்கு மூச்சு விடுகிற மாதிரி தானாக வரும்.

ராயபுரத்தில் இனி எங்கள் இருவருக்கும் வேலை இல்லை. அது மட்டும் தெரிந்து நடந்துகொண்டிருந்தோம். எனக்கு இது பழக்கம். பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியதிலிருந்து ஒரு ஊரில் இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. ஹோட்டலில் இலை எடுத்தேன், அச்சாபீசில் உருளை சுற்றினேன், ரயில் நிலையத்தில் கரி அள்ளினேன். வேலை போனால் எந்தப் பக்கம் சாலை போகிறதோ அந்தப் பக்கம் போவேன். அவருக்கு அப்படி இல்லை. வீடு இருந்தது. வீட்டில் காத்திருக்கிறவள் இருந்தாள்.

அவரை நான் முதலில் பார்த்தது ராயபுரத்தில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் கிடங்கில். சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. துரை மட்டும் இன்னும் போகவில்லை. நாங்கள் தினக்கூலி. காலையில் கேட்டில் நிற்போம். மேஸ்திரி விரலை நீட்டினால் உள்ளே, நீட்டாவிட்டால் வெளியே. லாரியிலிருந்து கிடங்குக்குப் பலகை போட்டிருக்கும். அதில் மூட்டையோடு ஏற வேண்டும். ராஜபார்ட்டுக்கு ஐம்பதை நெருங்கிய வயது. முதுகு போய்விட்டது. மூட்டையை இறக்கியதும் இரண்டு கையையும் இடுப்பில் வைத்து, வானத்தைப் பார்க்கிறவர் மாதிரி நிற்பார். வலிக்குத்தான் அப்படி நிற்கிறார் என்று மேஸ்திரிக்குத் தெரியாது. "ராஜா, ஆகாசத்துல இன்னா கீது?" என்று கத்துவார்.

இருபது வருஷத்துக்கு மேல் ராஜா வேஷம் கட்டியவர். பேசும் படம் வந்து கம்பெனிகள் ஒவ்வொன்றாகப் படுத்தபின், மீன் விற்கிற பெண்ணைக் கட்டிக்கொண்டு காசிமேட்டில் தங்கிவிட்டார். ஜரிகை உதிர்ந்த ஒரு தலைப்பாகை மட்டும் பெட்டியில் மிச்சம் இருந்தது.

துரை ஊருக்குத் திரும்பப் போகிறார் என்று செய்தி வந்தது. ஆபீஸ்காரர்கள் வழியனுப்பு விழாவுக்கு ஏற்பாடு செய்தார்கள். துரைக்கு அவர் நாட்டுப் பழைய நாடகங்கள் என்றால் உயிராம். ஹெட் கிளார்க் அதில் ஒன்றிலிருந்து ஒரே ஒரு காட்சியைப் போட முடிவு செய்தார். சண்டைக்களத்தில் குத்துப்பட்டு விழுந்த ராஜா, முழங்காலிட்டு அழுகிற மந்திரியிடம் கடைசியாகப் பேசிவிட்டுச் சாகிற காட்சி. மந்திரி வேஷம் ஹெட் கிளார்க்குக்கு. ராஜா வேஷத்துக்கு ஆபீசில் யாருக்கும் தொண்டை இல்லை. கிளார்க்குகள் நன்றாகப் படித்தவர்கள்தான், ஆனால் பக்கத்தில் ரயில் போனால் அவர்கள் குரல் மேஜையைத் தாண்டாது. யாரோ மூட்டைக்கார ராஜாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள்.

ஹெட் கிளார்க் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கிடங்குக்கே வந்து நின்றார். வெள்ளை வேட்டியில் தூசி படாமல் ஒரு கையால் தூக்கிப் பிடித்திருந்தார்.

"ஏல, நீதானா அந்த ராஜா? ஒரு தடவ சத்தம் போட்டுப் பேசு பாப்போம்."

ராஜபார்ட் முதுகை நிமிர்த்தி ஒரு தமிழ் வசனம் சொன்னார். கிடங்கின் தகரக் கூரையில் இருந்த புறாக்கள் எழும்பிப் பறந்தன.

"சரி. இங்கிலீஷ் தெரியுமால?"

"தெரியாது சார். சொல்லிக் குட்த்தா புட்ச்சிக்குவேன்."

"நல்லாச் செஞ்சீன்னா ஒரு பியூன் வேல காலியா இருக்கு. பெர்மனென்ட். துரை போறதுக்கு முன்னால கையெழுத்து வாங்கிரலாம். ஆனா ஒண்ணு, துரைக்கு இந்த நாடகம் மனப்பாடம். ஒரு எழுத்து மாறக் கூடாது. மாறுச்சுன்னா எனக்குல்லா அசிங்கம்."

பியூன் வேலை என்றால் அறை வாசலில் ஸ்டூல். மணி அடித்தால் எழுந்து உள்ளே போவது, ஃபைலை எடுத்துக்கொண்டு வருவது. மூட்டை இல்லை, பலகை இல்லை, காலையில் கேட்டில் நின்று மேஸ்திரியின் விரலைப் பார்ப்பது இல்லை. முதுகு போனவனுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? அவர் மனைவி அடுத்த நாளே மீன் கூடையோடு கிடங்கு வாசலில் வந்து என்னைப் பிடித்தாள். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் படித்தவன் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

"இன்னாபா, நீதான் இங்கிலீசு சொல்லிக் குடுக்கப் போறியா? ஒயுங்கா சொல்லிக் குடு. இந்த மன்ஷன் ஸ்டூலு மேல குந்திக்கினு கீறத நான் பாக்கணும். ராவெல்லாம் முதுவு முதுவுன்னு மொனவறாரு. மீனு துன்றியா? எடுத்துக்கோ."

நான் மூன்றாம் பாரத்தோடு படிப்பை விட்டு ஓடிவந்தவன். ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தில் காலை ஜெபம் பழைய இங்கிலீஷில் நடக்கும். தினமும் வரிசையில் நின்று கேட்டுக் கேட்டு, வார்த்தைக் கடைசியில் ஒட்டுகிற அந்த வால்கள் எனக்குள் போய் உட்கார்ந்துவிட்டன. அப்படித்தான் நாங்கள் அவற்றைச் சொல்வோம், வால்கள் என்று. அவன் வருகிறான் என்பதற்கு இந்தக் காலத்தில் 'கம்ஸ்'. அந்தக் காலத்தில் 'கமெத்'. போகிறான் என்றால் 'கோயெத்'. எதிரே நிற்கிறவனைப் பார்த்து நீ போகிறாய் என்றால் 'தௌ கோயெஸ்ட்'. அவனிடம் இருக்கிறது என்பது 'ஹாத்', செய்கிறான் என்பது 'டோத்'. ராஜபார்ட்டுக்கு இவ்வளவுதான் சொல்லிக் கொடுத்தேன். மற்றதைப் பலகையில் ஏறி இறங்கும்போது வரி வரியாகச் சொல்ல, அவர் மூட்டைக்கு அடியிலிருந்து திருப்பிச் சொன்னார். எத் என்று முடியும்போதெல்லாம் கால் பலகையில் விழும்.

ஒரு சங்கடம் வந்தது. அதே ராஜா ஒரு வரியில் எத் போடுகிறான், அடுத்த வரியில் ஸ் போடுகிறான். ஏன் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்துவிட்டு அவரே சொன்னார்.

"தாளம், வாத்யாரே. ஒரு அடி கொறையுற எடத்துல எத்து போட்டு ரொப்பிக்கிறான். எடம் இல்லன்னா சுருக்கிக்கிறான். எங்க கம்பெனில ஆ, ஊன்னு இழுப்போம். இவன் எத்துன்னு இழுக்கறான். அவ்ளோதான்."

கிடங்கு முழுக்க எத் பரவிவிட்டது. "சோறு துன்னெத்தா?" என்று ஒருவன் கேட்பான். "துன்னெத்து. உனுக்கு இல்லெத்து," என்று இன்னொருவன் சொல்வான். மேஸ்திரியும் கடைசியில், "டேய், மூட்டய தூக்கெத்து!" என்று கத்த ஆரம்பித்தார்.

தௌ என்றால் என்ன என்று அவர் கேட்ட நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அது 'நீ' என்றும், யூ என்பது 'நீங்க' என்றும் சொன்னேன். ராஜா மந்திரியை நீ என்கிறான், மந்திரி ராஜாவை நீங்க என்கிறான்.

"தொர எங்களயெல்லாம் யூன்னுதான கூப்ட்றாரு?"

"ஆமாண்ணே. அந்த நீ இப்ப வழக்கத்துல இல்ல. எல்லாருக்கும் நீங்கதான்."

"அப்ப நம்மளையும் நீங்கன்னா சொல்றாரு? மெய்யாலுமா?" மூட்டையை இறக்கிவிட்டு யோசித்தார். "யூ ப்ளடின்னு திட்டுவாரே. அப்ப அது, நீங்க ப்ளடி."

அன்றிலிருந்து துரை யூ என்று கத்தினால் ராஜபார்ட்டின் முகம் கொஞ்சம் மலரும். துரைக்கு ஏன் என்று தெரிந்திருக்காது.

ஹெட் கிளார்க்குக்கு மட்டும் இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். ஒத்திகையில் மூட்டைக்காரன் முன்னால் முழங்காலிட வேண்டும், மை லார்ட் என்று சொல்ல வேண்டும், அவன் ஒவ்வொரு வரியிலும் தௌ, தீ, தை என்று நீ போட்டுக் கூப்பிடுவதைக் கேட்க வேண்டும். ஒவ்வொரு தௌவுக்கும் அவர் தாடை இறுகும். ஒரு எழுத்து மாறக் கூடாது என்று சொன்னவர் அவரே. மாற்றச் சொல்ல வழியில்லை. ஒத்திகை முடிந்ததும் முழங்காலைத் தட்டிக்கொண்டு, "தண்ணி கொண்டாடே," என்பார். ராஜா போய்க் கொண்டுவருவார்.

விழா மத்தியானத்துக்குமேல், ராயபுரத்தில் ஒரு ஹாலில் நடந்தது. முன்னால் நாற்காலிகளில் துரையும் நாலைந்து வெள்ளைக்காரக் குடும்பங்களும். நடுவில் பெஞ்சுகளில் ஆபீஸ்காரர்கள். கடைசியில் நாங்களும் எங்கள் ஆட்களின் வீட்டுப் பெண்களும் நின்றோம். ராஜபார்ட்டின் மனைவி வியாபாரத்தை முடித்து, கூடையை வெளியே வைத்துவிட்டு, தலைக்குப் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவரை மேடையில் பார்த்ததே இல்லை என்றாள்.

அவர் நன்றாகச் செய்தார். அதை நான் சும்மா சொல்லவில்லை. ஒரு வால்கூட விழவில்லை. தனக்குப் புரியாத மொழியில் ஒருவர் அப்படிச் செத்து நான் பார்த்ததில்லை. கடைசி எத்தைப் பாதி மூச்சில் விட்டு, கை நழுவி, தலை சாய்ந்தபோது ஹாலில் சத்தமே இல்லை. முன்வரிசையில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் கைக்குட்டையை எடுத்தாள்.

அப்போது எனக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கிளம்பியது.

"ஒன்ஸ்மோர்!"

அவர் மனைவி. கண்ணில் தண்ணீர் வழிய, இரண்டு கையையும் தூக்கிக் கத்தினாள். அவ்வளவுதான். பின்னால் நின்ற அத்தனை பேரும் பிடித்துக்கொண்டார்கள். "ஒன்ஸ்மோர்! ஒன்ஸ்மோரெத்து!"

எங்கள் மேடை வழக்கம் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஜனம் ஒன்ஸ்மோர் கேட்டால் நடிகன் செய்தாக வேண்டும். செய்யாமல் இருப்பது ஜனத்தை மதிக்காத காரியம். செத்துக் கிடக்கிறவனுக்கும் அதே சட்டம்தான். எழுந்து, தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, முதலிலிருந்து பேசிவிட்டு மறுபடி சாவான். யாரும் சிரிக்க மாட்டார்கள். முதல் சாவைவிட இரண்டாவதுக்கு அதிகமாக அழுவார்கள்.

ராஜபார்ட் எழுந்தார். ஒரு கையை முழங்காலில் ஊன்றி, மற்றக் கையை முதுகில் வைத்து, மெதுவாக எழுந்தார். ஹெட் கிளார்க் முழங்காலிலிருந்து எழுந்துகொண்டிருந்தவர் அப்படியே பாதியில் நின்றுவிட்டார். ராஜா அவரைப் பார்த்துக் கையை நீட்டி, 'தௌ' என்று ஆரம்பித்தார். வேறு வழியில்லாமல் மந்திரி மறுபடி முழங்காலிட்டார்.

முன்வரிசையில் முதலில் ஒரு பெண் சிரித்தாள். பிறகு அவள் புருஷன். ராஜா இரண்டாம் முறை சாகும்போது துரையின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சிரிப்பைப் பின்னால் நின்றவர்கள் சந்தோஷம் என்றே எடுத்துக்கொண்டார்கள். தொரையே ரசிக்கிறார்! இன்னும் பலமாக ஒன்ஸ்மோர் கேட்டார்கள். ராஜபார்ட் மூன்றாம் முறையும் எழுந்தார். மூன்றாம் முறையும் ஒரு வரி விடவில்லை. முதலில் அழுத அம்மாள் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

துரை மேடைக்கு வந்து கைகொடுத்தார். "வெரி ஃபன்னி," என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். பின்னால் நின்றவர்களை வெளியே அனுப்பினார்கள். ராஜபார்ட்டின் மனைவி கூடையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டும்வரை பேசிக்கொண்டே போனாள். துரையே கைகொடுத்துவிட்டார், இனி என்ன?

ராஜபார்ட்டுக்கு உடுப்பு கழற்ற உதவ நான் மேடைக்குப் பின்னால் போயிருந்தேன். ஹெட் கிளார்க் எங்களை அங்கேயே வைத்துக் கதவைச் சாத்தினார். அவர் வேட்டியில் முழங்கால் இரண்டிலும் அழுக்கு வட்டம்.

"ஏல, செத்தவன் எந்திரிப்பானால?"

"ஜனம் கேட்டாங்கோ சார்."

"ஜனமால ஒனக்குச் சம்பளம் போடுது? மூணு தடவ! என்னய மூணு தடவ முட்டி போட வச்சு, நீ நான்னு பேசி, துரை முன்னால கோமாளியாக்கிட்டியேல. நாளைக்கு ஆபீசுல எவன் எனக்கு எந்திரிச்சு நிப்பான்?"

"தப்பா எதுவும் சொல்லல சார். வாத்யார் குட்த்தது குட்த்தபடி."

"வாத்யாரா?" என்னைப் பார்த்தார். "ரெண்டு பேரும் நாளையிலிருந்து கேட்டுப் பக்கம் வரப்படாது. பியூன் வேலையாம். போங்கல வெளிய."

ராஜபார்ட் ராஜ உடுப்பைக் கழற்றி வைத்தார். அது ஆபீஸ்காரர்கள் வாடகைக்கு எடுத்தது. தலைப்பாகை சொந்தம். அதைத் துண்டில் சுற்றி இடுக்கிக்கொண்டார். முகம் கழுவக்கூட விடவில்லை.

அப்படித்தான் நாங்கள் வடக்கே நடந்துகொண்டிருந்தோம். திருவொற்றியூர் நெருங்கும்போது அவர் துண்டுச் சுருளை அடுத்த கைக்கு மாற்றி இடுக்கினார். பிறகு கேட்டார்.

"வாத்யாரே, தொர சொன்ன பன்னின்னா இன்னா?"

"சிரிப்பா இருந்ததுன்னு அர்த்தம்."

கொஞ்ச தூரம் நடந்தார்.

"சாவுறதா?"

"மொத தடவ யாரும் சிரிக்கலண்ணே. எழுந்த பிறகுதான்."

"அந்த வெள்ளக்கார அம்மா மொத தபா கண்ண தொடச்சா. நான் பாத்தேன். செத்துக் கெடந்தேன், ஆனா பாத்தேன்."

சாலையோரம் ஒரு பஜ்ஜிக் கடை இருந்தது. அரிதாரம் தண்ணீரில் போகாது, எண்ணெய் வேண்டும். கடைக்காரர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் சட்டியில் மிஞ்சி ஆறிய எண்ணெயை ஒரு கரண்டி கையில் ஊற்றினார். ராஜபார்ட் துண்டின் ஓரத்தால் தேய்த்துத் தேய்த்து எடுத்தார். ரோஸ் நிறம் போனது. முகம் பஜ்ஜி வாசனையோடு பழையபடி கறுத்தது. கடற்கரைப் பக்கம் இறங்கி உப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு, ஈர மணலில் உட்கார்ந்தார்.

"மொத கொரல் யாருதுன்னு தெரியுமா உனுக்கு?"

"தெரியும்."

"எனுக்கும் தெரியும். மீனு விக்கிற கொரல், தப்புமா?" இடுப்பை இரண்டு கையாலும் அழுத்தினார். "தெரு பூரா சொல்லி வெச்சிருப்பா. வஞ்சிரம் வறுத்து வெச்சிருப்பா. நான் போய் இன்னான்னு சொல்லுவேன்? நீ கேட்டதால போச்சுன்னா சொல்ல முடியும்? அத்த கேட்டா அவ பொயக்க மாட்டா."

"வேற ஏதாவது சொல்லுங்கண்ணே."

"நீயும் சொல்லிடாத. எப்பனா அவள பாத்தாக்கூட."

சரி என்றேன். இன்றுவரை சொல்லவில்லை. பிறகு அவளைப் பார்க்கவும் இல்லை.

அன்று எர்ணாவூருக்கு அப்பால் ஒரு சுண்ணாம்புக் காளவாய் ஓரம் படுத்தோம். அடுத்த சாலை எங்கே போகிறது என்று எனக்கு விசாரிக்கத் தெரியும். காளவாய்க்காரன், எண்ணூர் உப்பளத்தில் உப்பு வாருகிற சமயம், ஆள் எடுக்கிறார்கள் என்றான்.

விடிந்ததும் போனோம். பாத்திகளில் தண்ணீர் வற்றி உப்பு வெள்ளையாகப் பொரிந்திருந்தது. அதைக் கூடையில் வாரி, வழுக்குகிற வரப்பில் நடந்து, மேட்டில் குவிக்க வேண்டும். மேஸ்திரி முதலில் எங்கள் பாதங்களைக் காட்டச் சொன்னார். புண் இருந்தால் உப்பில் நிற்க முடியாது. பிறகு ராஜபார்ட்டைப் பார்த்தார்.

"நீ இன்னா வேல பாத்துக்கினு இருந்தே?"

"ராஜபார்ட்டு."

"இங்க ராஜாவுக்கு இன்னா வேல? கூடய தூக்கு பாக்கலாம்."

நிறைந்த கூடை ஒன்று வரப்பில் இருந்தது. ஈர உப்பு, பார்வைக்குத் தெரியாத கனம். அவர் குனிந்து, முழங்கால் உயரத்துக்குத் தூக்கினார். அங்கேயே நின்றார். முகம் அசையவில்லை. பிறகு ஒரு உப்புக்கல் சிந்தாமல் கூடையைக் கீழே வைத்து, கைகளை இடுப்பில் கொடுத்து வானத்தைப் பார்த்தார்.

"வேணாம்பா," என்றார் மேஸ்திரி. சத்தத்தைத் தாழ்த்தித்தான் சொன்னார். "வூட்டுக்குப் போ."

ராஜபார்ட் துண்டில் சுற்றிய தலைப்பாகையை எடுத்து இடுக்கிக்கொண்டார்.

"கையெழுத்து போட்ற நேரத்துல தொர கப்பல் ஏறிட்டாருன்னு அவகிட்ட சொல்லிக்கிறேன். நல்லா கீதா?"

"நல்லா இருக்குண்ணே."

"தொர மேல பழி போட்டா யாருக்கும் நஷ்டம் இல்ல," என்று சொல்லிவிட்டுத் தெற்கே நடந்தார். வரப்பு முடிகிற இடத்தில் கால் வழுக்கி, சமாளித்துக்கொண்டார்.

மேஸ்திரி என் தலைக்கு ஒரு சும்மாட்டுத் துணியைத் தூக்கிப் போட்டார். ராஜபார்ட் கீழே வைத்த கூடையே என் முதல் கூடை. எடுத்துத் தலையில் வைத்தபோது உப்புத் தண்ணீர் ஒழுகிக் கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை இல்லை. முன்னால் போகிறவனின் குதிகாலைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.